எங்கள் ஊர்த் தாங்கலை எட்டடி தோண்டப் போகிறார்கள். மழைத் தண்ணீருக்கு இது நல்லதா?

தாங்கல்கரை (வில்லியனூர் பக்கம்) | ஆவணி, திங்கள் இரவு

வணக்கம். விவரமாகச் சொன்னால்தான் பதில் சொல்ல வசதியாக இருக்கும் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊரின் கிழக்குக் கோடியில் ஒரு தாங்கல், அதாவது சின்ன ஏரி, இருக்கிறது. பத்து ஏக்கர் இருக்கும். பாதிக்கு மேல் சம்பு, கோரை என்கிற நீர்ப்புல்தான். சித்திரையில் கணுக்கால் தண்ணீர், கார்த்திகையில் இடுப்பு வரை ஏறும். வடக்கே இருக்கிற நகர்களின் மழைத் தண்ணீர் முழுக்க ஓர் ஓடை வழியாக இதில் இறங்கி, தென்கிழக்கு மூலையில் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் வழியாகச் சங்கராபரணிப் பக்கம் போகும்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். கிருஷ்ணா நகரில் ராணுவம் படகோடு வந்து ஆட்களை மீட்டது. எங்கள் தெரு தாங்கலை ஒட்டியே இருக்கிறது. முழங்கால் வரை தண்ணீர் வந்தது, மறுநாள் இரவுக்குள் வடிந்துவிட்டது. முக்கால் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு நகர். அங்கேயும் முன்பு இதே போல ஒரு தாங்கல் இருந்தது. என் அப்பா சின்ன வயதில் அதில் எருமை குளிப்பாட்டியிருக்கிறார். பிறகு மண் கொட்டி மனை போட்டுவிட்டார்கள். என் தங்கை வீடு அங்கேதான். நான்கு நாள் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகளோடு மாடியிலேயே இருந்தாள். கீழே கிணறு, கழிவறைத் தொட்டி, தெரு எல்லாம் ஒரே தண்ணீராகக் கலந்து கிடந்தது.

இப்போது எங்கள் தாங்கலை "மேம்படுத்த" ஒரு திட்டம் வந்திருக்கிறது. சம்பு முழுவதையும் எடுத்துவிட்டு எட்டடி ஆழம் தோண்டுவது, சுற்றிலும் செங்குத்தாகக் கருங்கல் கட்டுவது, நடைபாதை, விளக்கு, மிதிபடகு. ஊரில் பாதிப் பேருக்குச் சந்தோஷம். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை_ராஜா | திங்கள் இரவு

எட்டடி தோண்டினால் இன்னும் நிறைய தண்ணீர் பிடிக்கும் இல்லையா? சம்புக் காடு இருக்கிற இடத்தில் தண்ணீர் எங்கே நிற்கும்? வெள்ளத்துக்கு ஆழம்தான் நல்லது என்று நினைக்கிறேன். தவறென்றால் திருத்துங்கள்.

கலங்கல்மட்டம் (நெட்டப்பாக்கம்) | செவ்வாய் காலை

முப்பது வருடம் பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வியைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை, அதனால் காலையில் எழுந்ததும் கணக்கோடு உட்கார்ந்தேன்.

தம்பி ராஜா கேட்டது எல்லோரும் கேட்பதுதான். வெள்ளத்தை வாங்கிக்கொள்வது ஆழமல்ல, காலி இடம். மழை தொடங்கும்போது தாங்கலில் நிற்கிற தண்ணீருக்கும் கலங்கல் மட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவுதான் வெள்ளத்துக்குக் கிடைக்கும். நம் பக்கம் நிலத்தடி நீர் மழைக்காலத்தில் மேலேயே இருக்கும். எட்டடி தோண்டினால் ஐப்பசி முதல் மழையிலேயே ஊற்றும் ஓடையும் சேர்ந்து அந்தக் குழியை நிரப்பிவிடும். அப்புறம் கார்த்திகைப் புயல் வரும்போது அந்த ஆழத்தால் ஒரு சொட்டு உபயோகம் கிடையாது. நிரம்பிய குடத்தின் வயிறு எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன?

பத்து ஏக்கர் என்றால் 4 ஹெக்டேர். தாங்கலுக்குத் தண்ணீர் வந்து சேரும் வரத்துப் பரப்பு 80 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் 80,000 கன மீட்டர். பாதி மண்ணில் இறங்கி, பாதி ஓடி வந்தால் 40,000. நான்கு ஹெக்டேரில் ஒரு மீட்டர் காலி இடம் இருந்தால் அதுவும் 40,000 கன மீட்டர்தான். அதாவது நான்கு கோடி லிட்டர். 10 செ.மீ. மழை அப்படியே உள்ளே அடங்கும்.

ஃபெஞ்சல் மாதிரி 46 செ.மீ., அதுவும் ஏற்கெனவே ஊறிய மண்ணில் பெய்தால் ஐந்தில் நான்கு பங்கு ஓடி வரும். கிட்டத்தட்ட 2,95,000 கன மீட்டர். இப்படிப்பட்ட ஏழு தாங்கலுக்கு மேல் வேண்டும். ஆகவே தாங்கல் இருந்தால் புயலையே தாங்கும் என்று யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் தெருவும் தங்கை தெருவும் நனைந்த விதத்தில் இருக்கும் வித்தியாசம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. முதல் 40,000 கன மீட்டர் தெருவில் நிற்கவில்லை. மழை ஓய்ந்ததும் தண்ணீர் போய்ச் சேர ஒரு பள்ளமும் வெளியேற ஒரு கலங்கலும் இருந்தன. அங்கே இரண்டும் இல்லை.

இன்னொன்று. அந்த 40,000 கன மீட்டர் நான்கு மணி நேரத்தில் வாய்க்காலுக்கு வந்தால் விநாடிக்கு 2,800 லிட்டர். எந்தத் தெரு வாய்க்காலும் தாங்காது. அதையே தாங்கல் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாளில் மெல்ல விட்டால் விநாடிக்கு 230 லிட்டர். சாதாரண வாய்க்கால் போதும்.

தோண்டுவதில் இன்னொரு கணக்கும் உண்டு. நான்கு ஹெக்டேரில் இரண்டு மீட்டர் எடுத்தாலே 80,000 கன மீட்டர் மண். டிப்பர் லோடு ஒன்பதாயிரத்துக்கு மேல் போகும். அந்த மண் எங்கே போகிறது, யார் கணக்கில் வருகிறது என்று ஊர் கேட்க வேண்டும். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

மஞ்சக்குப்பம்_டீச்சர் | செவ்வாய் மாலை

ஐயா கலங்கல்மட்டம் சொன்னது அளவு. அந்தத் தண்ணீரின் அழுக்கைப் பற்றி நான் சொல்கிறேன். பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன்.

தாங்கல்கரை அவர்களே, ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த மழைக்கு மறுநாள் இரண்டு கண்ணாடி பாட்டில் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் ஓடைத் தண்ணீர் தாங்கலில் இறங்குகிற இடத்தில் பிடியுங்கள், இன்னொன்றில் கலங்கலில் பிடியுங்கள். ஜன்னலில் இரண்டு நாள் வையுங்கள். நான் என் மாணவர்களோடு கடலூரில் ஒரு குட்டையில் இதைச் செய்தேன். முதல் பாட்டிலில் அடியில் ஒரு விரற்கடை சேறு படிந்தது, மேலே வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். இரண்டாவது லேசான தேநீர் நிறத்தில் இருந்தது, அடியில் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள்.

முதல் மழைத் தண்ணீர்தான் மோசமானது. மூன்று மாதமாகத் தெருவில் கிடந்த டயர்த் தூள், வண்டி எண்ணெய், சாணம், வயலில் போட்ட யூரியா, இறைச்சிக் கடைக் கழுவல் எல்லாவற்றையும் அது வழித்துக்கொண்டு வரும். வேகமாக ஓடுகிற தண்ணீர் மண்ணைத் தூக்கிக்கொண்டே போகும். சம்புக்குள் நுழைந்ததும் ஆயிரம் தண்டுகளில் முட்டி வேகம் செத்துவிடும். மண் கீழே இறங்கும். உலோகமும் பாஸ்பரஸும் பெரும்பாலும் அந்த மண் துகளில்தான் ஒட்டிக்கொண்டு வருகின்றன, அவையும் சேர்ந்து இறங்கும். தண்டிலும் வேரிலும் வழவழப்பாக ஒரு படலம் இருக்குமே, அது முழுக்க நுண்ணுயிர்கள். கரைந்த அழுக்கை அவை தின்கின்றன.

ஒரு சம்பைப் பிடுங்கிப் பாருங்கள். இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருக்கும். வேரோடு வருகிற சேறு கரிக்கட்டை மாதிரி கறுப்பு, அழுகிய முட்டை வாசனை. காற்று இல்லாத சேறு அது. அதே கறுப்புக்குள் வேரைச் சுற்றி மட்டும் துரு நிறத்தில் ஒரு மெல்லிய உறை இருக்கும். நகத்தால் சுரண்டினால் தூளாக வரும். சம்பு தன் தண்டு வழியாகக் காற்றை வேருக்கு இறக்குகிறது. அந்தக் காற்றில் கொஞ்சம் வேரிலிருந்து கசிகிறது, அது பட்ட இரும்பு துருவாகிறது. நெல் நாற்றைப் பிடுங்குகிறவர்களுக்கு இந்தச் செம்பழுப்பு வேர் தெரியும். காற்று உள்ள இடமும் இல்லாத இடமும் ஒரு முடி அகலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முதலாவதில் அம்மோனியா நைட்ரேட் ஆகிறது, இரண்டாவதில் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகி மேலே போய்விடுகிறது. எந்த மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை.

எட்டடி தோண்டினால் இது அத்தனையும் போய்விடும். சம்பும் கோரையும் இரண்டு மூன்று அடித் தண்ணீர் வரைதான் நிற்கும். அதற்கு மேல் ஆழமானால் வேர் பிடிக்காது. செங்குத்துக் கல் கரை கட்டினால் ஓரத்திலும் முளைக்காது. சாய்ந்து சாய்ந்து இறங்குகிற கரையில்தான் சதுப்பு உயிரோடு இருக்கும். தோண்டுகிறவர்களுக்குக் குளம் கிடைக்கும், சதுப்பு கிடைக்காது.

முத்தியால்பேட்டை_ராஜா | செவ்வாய் இரவு

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. காலி இடம் பற்றிய விளக்கம் எனக்குப் புதிது. என் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

இரண்டுபிள்ளைஅம்மா (லாஸ்பேட்டை) | செவ்வாய் இரவு

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். போன வருடம் என் சின்னவனுக்கு டெங்கு வந்து ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தோம். தட்டணுக்கள் இறங்க இறங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தண்ணீர் தேங்குகிற இடம் என்றாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. வீட்டுப் பக்கத்தில் பத்து ஏக்கர் சதுப்பை வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். கொசுவுக்கு என்ன பதில்?

மஞ்சக்குப்பம்_டீச்சர் | புதன் காலை

அம்மா, பிள்ளை நல்லபடியாக வீடு வந்ததே பெரிது. உங்கள் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு பெரிய நீர்நிலையில் முட்டை இடுவது இல்லை. டயர், தேங்காய் ஓடு, மூடாத தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, இப்படிச் சின்னப் பாத்திரத் தண்ணீர்தான் அதற்கு வேண்டும். யானைக்கால் நோயைப் பரப்புகிற கியூலெக்ஸ் சாக்கடை தேங்குகிற இடத்தில் பெருகும். புதுச்சேரிக்கு இது புதிய விஷயமே இல்லை. நோய்பரப்பிகளை ஆராய்வதற்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி மையம் 1975 முதல் இந்த ஊரில் இருக்கிறது.

ஆனால் சதுப்பில் கொசுவே வராது என்றும் சொல்ல மாட்டேன். சம்பு இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொண்டால் மீன் உள்ளே நுழைய முடியாது. ஆகாயத்தாமரை மூடினால் அதன் வேரில் ஒட்டி வளர்கிற மான்சோனியா கொசு வரும். சாக்கடை கலந்தால் கியூலெக்ஸ் வரும். இதற்கு மூன்று காரியம் செய்ய வேண்டும். சம்புக்கு நடுவே திறந்த தண்ணீர்ப் பாதை இருக்க வேண்டும், மீனும் தட்டான் பூச்சியின் குஞ்சுகளும் கொசுப் புழுவைத் தின்னும். ஆகாயத்தாமரையை வருடம் முழுக்க எடுக்க வேண்டும். வீட்டுக் கழிவுக் குழாயை ஓடையில் விடுவதை நிறுத்த வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம்.

இரண்டுபிள்ளைஅம்மா | புதன் மதியம்

சரி டீச்சர். மூன்றாவதைச் செய்யாமல் மற்றதைப் பேசக் கூடாது என்பது என் கோரிக்கை. கழிவு கலந்தால் நான் எதிர்ப்பேன்.

உப்பனாற்றுக்கரை (கடலூர் முதுநகர்) | புதன் இரவு

அந்த அம்மா சொன்னதை நான் வழிமொழிகிறேன். சதுப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது.

எங்கள் பக்கம் ஆலைகள் இருக்கின்றன, உப்பனாறு இருக்கிறது. ஆலைக் கழிவில் இருக்கிற ரசாயனத்தையும் கன உலோகத்தையும் சதுப்பு அழிக்காது. சேற்றில் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அப்புறம் சேற்றைக் கிளறுகிற நண்டுக்கும் மடவை மீனுக்கும் போய், அங்கிருந்து நம் தட்டுக்கு வரும். நான் மீன் வாங்கிச் சாப்பிடுகிறவன். ஆலை தன் கழிவை ஆலைக்குள்ளேயே சுத்தம் செய்ய வேண்டும். அதற்குச் சதுப்பைச் சாக்காக வைக்கக் கூடாது.

வெள்ளத்திலும் அப்படித்தான். ஃபெஞ்சலுக்கு அடுத்து, 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரில் குண்டு உப்பலவாடி பக்கமெல்லாம் வெள்ளக்காடாக ஆனது. நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் பெய்த மழை அது. ஊர்த் தாங்கல் அந்த ஆற்றுக்கு என்ன செய்யும்? ஊருக்குள் பெய்கிற மழைக்குத் தாங்கல், ஆற்று வெள்ளத்துக்கு ஆற்றின் பழைய வெள்ளச் சமவெளி. இரண்டையும் குழப்பினால் ஒரு பெரிய வெள்ளம் வந்ததும் "சதுப்பு பயனில்லை" என்று சொல்லி அதையும் மூடிவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் சொல்கிறேன்.

ஊசுடுபறவை | புதன் இரவு

மேலே இருக்கிற நண்பர் சொன்னது சரி. ஆனால் வீட்டுக் கழிவு நீர் விஷயத்தில் சரியாகச் செய்தால் சதுப்பு நிறையவே செய்யும். கொல்கத்தாவுக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேர் ஈரநிலம். நகரத்தின் சாக்கடை அங்கே ஆழமில்லாத மீன் குளங்களில் வெயிலில் பரவி, பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து சுத்தமாகிறது. மீனும் காய்கறியும் விளைகின்றன. 2002-இல் அது ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. நம் ஊரிலேயே ஆரோவில்லில் குடியிருப்புகளின் கழிவு நீர் கற்படுகையில் நட்ட செடிகள் வழியாகப் போய்ச் சுத்தமாகித் தோட்டத்துக்குப் பாய்வதைப் போய்ப் பார்க்கலாம். அதற்கென்று தனியாகக் கட்டியவை அவை. மழைத் தண்ணீர்த் தாங்கலில் குழாயை நீட்டுவது வேறு.

மரக்காணம் பக்கம் கழுவெளியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். 5,000 ஹெக்டேருக்கு மேல். மழைக்காலத்தில் சுற்றியிருக்கிற ஏரிகளின் உபரித் தண்ணீரை வாங்கிப் பரப்பி வைத்து, மெல்லக் கடலுக்கு அனுப்புகிறது. 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-இல் ராம்சார் தகுதி கிடைத்தது. மழை முடிந்த மாதங்களில் விடியற்காலையில் போய் நின்றால், பூநாரைகள் தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு நடப்பது தெரியும். அவ்வளவு ஆழமில்லாத தண்ணீர். எட்டடி ஆழத்தில் அவை எங்கே நிற்கும்?

பங்காருவாய்க்கால் (பாகூர்) | வியாழன் காலை

எல்லாம் சரி. விவசாயியை யாரும் கேட்கவில்லையே.

எங்களுக்குப் பாகூர் ஏரி, சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. பல்லவர் காலச் செப்பேட்டில் பேர் உள்ள ஊர் எங்கள் ஊர். ஏரி என்றால் நிரம்ப வேண்டும், கலங்கல் போக வேண்டும், அதைப் பார்க்கும்போதுதான் எங்களுக்கு வயிறு நிறையும். நீங்கள் மழை வருவதற்கு முன் தாங்கலைக் காலியாக வை என்கிறீர்கள். ஐப்பசியில் திறந்துவிட்டுக் கார்த்திகையில் மழை ஏமாற்றினால்? தை மாதம் பயிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு தண்ணீருக்குத் தவிப்போமே, அப்போது நகரில் இருக்கிறவர்கள் யாராவது வருவார்களா? கோபத்தில் கேட்கவில்லை. எங்கள் தரப்பையும் கணக்கில் சேருங்கள் என்கிறேன்.

கலங்கல்மட்டம் | வியாழன் காலை

பாகூர்க்காரர் கேட்டது நியாயம். நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பெரிய பாசன ஏரிக்கு நான் சொன்னது பொருந்தாது. பாகூர் ஏரியைக் காலியாக வைக்கச் சொல்ல எனக்குத் துணிச்சல் வராது. புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரி என்று கணக்கு. அவை போகத் தாங்கல், குட்டை என்று சின்னதாக நிறைய உண்டு. சின்னவற்றில் பலவற்றுக்கு இன்று ஆயக்கட்டே, அதாவது அதிலிருந்து பாய்கிற வயலே, இல்லை, மனையாகிவிட்டது. அப்படிப்பட்டவற்றைத்தான் வெள்ளத்துக்கு ஒதுக்கலாம்.

ஆயக்கட்டு மிச்சம் இருந்தால் கலங்கலில் பலகை போடலாம். ஒன்றரை அடிக்குப் பலகை செருகுகிற மாதிரி காடி வைத்துவிட்டால் போதும். கார்த்திகை முடியும் வரை பலகை இல்லாமல் தண்ணீரைத் தாழ்வாக வைப்பது, மார்கழியில் பலகை போட்டுப் பயிருக்குப் பிடித்துக்கொள்வது. இதிலும் ஓர் ஓட்டை உண்டு. தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் வந்தது. மார்கழி பாதி. அதனால் பலகை போட்ட பிறகும் வானிலைச் செய்தியைப் பார்த்து எடுக்க ஓர் ஆள் இருக்க வேண்டும். முன்பு நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார் அல்லவா, அந்த ஆள் இப்போது இல்லை. பலகையை விட அதுதான் பெரிய குறை.

பங்காருவாய்க்கால் | வியாழன் மாலை

நீர்க்கட்டி என்ற சொல்லைக் கேட்டே பல வருடம் ஆகிறது ஐயா. என் பெரியப்பா அந்த வேலை பார்த்தார். மழை ராத்திரியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, அரிக்கேன் விளக்கோடு மதகுக்குப் போவார். கூலி நெல்லாகக் கிடைக்கும். நீங்கள் சொல்கிற ஏற்பாட்டுக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை.

தாங்கல்கரை | வெள்ளி இரவு

ஐயா, டீச்சர், பாகூர் அண்ணன், எல்லோருக்கும் நன்றி. நேரில் போய்ப் பார்த்து வந்து எழுதுகிறேன்.

எங்கள் தாங்கலுக்கு ஆயக்கட்டில் இப்போது ஏழு பேர்தான், மொத்தம் பன்னிரண்டு காணி. ஏழு பேரிடமும் பேசினேன். பலகை ஏற்பாட்டுக்கு ஆறு பேர் சம்மதம். ஒருவர் எழுத்தில் வேண்டும் என்கிறார், அது சரிதான்.

ஓடையில் மேலே நடந்து பார்த்தேன். பதினாலு வீட்டுக் குழாய் நேராக ஓடையில் விழுகிறது. அதில் ஒன்று என் சித்தப்பா வீடு. அவரிடம் முதலில் பேசினேன். ஒரு மணி நேரம் கோபமாக இருந்தார், பிறகு கொத்தனாரை வரச் சொன்னார்.

ஓடை இறங்குகிற வாயில் நெய்வேலிக் காட்டாமணக்கு ஒரு மதில் மாதிரி நிற்கிறது. தண்ணீர் அதில் மோதிப் பக்கத்துத் தெருவுக்குத் திரும்புகிறது. மண்ணும் பிளாஸ்டிக்கும் அங்கேயே குவிந்திருக்கின்றன. இதை என்ன செய்வது? வேறு ஒரு கேள்வி: சம்பை வெட்டலாமா, வெட்டக் கூடாதா?

மஞ்சக்குப்பம்_டீச்சர் | சனி காலை

காட்டாமணக்கை வேரோடு எடுங்கள். வெட்டிப் போட்டால் துண்டுத் துண்டாக மறுபடி முளைக்கும். வெயிலில் காய வைத்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும்.

தோண்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குத் தோண்ட ஓர் இடம் இருக்கிறது. ஓடை வாய்தான். அங்கே மட்டும் நான்கைந்து அடி ஆழத்தில் ஒரு மண்பிடிக் குழி. மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். தண்ணீர் முதலில் அதில் தங்கி, கனமான மண்ணையும் குப்பையையும் விட்டுவிட்டு, ஒரு தாழ்ந்த வரப்பைத் தாண்டிச் சம்புக்குள் பரவலாக நுழைய வேண்டும். பொக்லைன் எட்டுகிற மாதிரி ஒரு பாதையும் வேண்டும், ஏனென்றால் அந்தக் குழியை வருடா வருடம் கோடையில் வழிக்க வேண்டும். வழிக்காவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் சம்புக்குள் மண் ஏறிவிடும்.

சம்பை வெட்டுங்கள், ஆனால் பாதி பாதியாக. மாசியில் ஒரு பாதி, அடுத்த மாசியில் மறு பாதி. வெட்டியதை வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளேயே அழுகவிட்டால் அது உறிஞ்சிய சத்து திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடும். நீலத்தாழைக்கோழி கூடு வைத்திருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு வெட்டுங்கள்.

கலங்கல்மட்டம் | சனி மாலை

டீச்சர் சொன்னதோடு இன்னொன்றும். அடியில் களிமண் எவ்வளவு என்று ஒரு துளை போட்டுப் பாருங்கள். நம் பக்கம் கீழே கடலூர் மணற்கல்லும் ஆற்று மணலும்தான். களிமண் அடுக்கை உடைத்து மணலில் போய் நின்றால், தெருத் தண்ணீர் வடிகட்டப்படாமல் நேரே உங்கள் போர்வெல்லுக்குப் போகும். ஆழமாகத் தோண்டக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2017 ஈரநில விதிகளில் பாசனத்துக்கென்றும் குடிநீருக்கென்றும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையில் சேர்க்கவில்லை. நம் தமிழ்நாட்டு, புதுச்சேரி ஏரிகளில் ஏறக்குறைய எல்லாமே மனிதர் கட்டியவைதானே. ஆயிரம் வருடமாகப் பறவையும் மீனும் வாழ்கிற ஏரிகூட அந்த வரியால் வெளியே நிற்கிறது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம். அதனால் ஈரநிலச் சட்டத்தை மட்டும் நம்பி மனு எழுதாதீர்கள். வருவாய்ப் பதிவேட்டில் தாங்கல் என்று இருக்கிறதா, பரப்பு எவ்வளவு, கலங்கல் எந்தச் சர்வே எண்ணில் என்று எடுத்து, அதைக் கொம்யூன் பஞ்சாயத்துக்குக் கொடுங்கள்.

தாங்கல்கரை | புரட்டாசி, ஞாயிறு இரவு

கொம்யூன் பஞ்சாயத்துக் கூட்டம் முடிந்தது. பொறியாளர் பொறுமையாகக் கேட்டார். ஐயாவின் நான்கு கோடி லிட்டர் கணக்கைச் சுவரில் சாக்பீஸால் போட்டுக் காட்டினேன், அவரும் போட்டுப் பார்த்துச் சரிதான் என்றார். களிமண் ஆறடிதான் இருக்கிறது என்று துளையில் தெரிந்தது. எட்டடி என்பதை விட்டுவிட்டார்கள். ஓடை வாயில் மண்பிடிக் குழி, கலங்கலில் பலகைக் காடி, இரண்டுக்கும் ஒப்புதல். கல் கரை வடக்குப் பக்கம் மட்டும் வரும், அங்கே நடைபாதையும் உண்டு. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், பெண்கள் சாயங்காலம் நடக்க இடம் வேண்டும் என்று கேட்டபோது எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. மேற்கும் தெற்கும் சாய்கரையாகவே இருக்கும், சம்பு அப்படியே இருக்கும். மிதிபடகு பற்றி இன்னும் முடிவு இல்லை.

பதினாலு குழாயில் ஒன்பது அடைத்தாயிற்று.

இரண்டுபிள்ளைஅம்மா | ஞாயிறு இரவு

மீதி ஐந்து?

தாங்கல்கரை | ஞாயிறு இரவு

மூன்று வீட்டில் உறிஞ்சுகுழிக்கு இடம் இல்லை. தெருவுக்குப் பொதுவாக ஒன்று போட மனு கொடுத்திருக்கிறோம். இரண்டு வீட்டுக்காரர்கள் சம்மதிக்கவில்லை, மறுபடி போவேன்.

தாங்கல்கரை | ஐப்பசி, வியாழன் காலை

முதல் பெருமழை. எங்கள் வீட்டு மழைமானியில் 6 செ.மீ. கலங்கல் பக்கத்தில் அளவு போட்ட கம்பம் நட்டிருக்கிறோம். நேற்று மாலை 41, இரவு இரண்டு மணிக்குக் குடையோடு போய்ப் பார்த்தபோது 68, இன்று காலை 66. தெருவில் தண்ணீர் இல்லை. பலகை போடவில்லை, ஏழாவது விவசாயியும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கலங்கல்மட்டம் | வியாழன் காலை

27 செ.மீ. ஏறியிருக்கிறது. காய்ந்த மண்ணுக்கு இது சரியான அளவு. அடுத்த மழைக்கு இதே 6 செ.மீ. பெய்தாலும் இன்னும் அதிகம் ஏறும், பயப்படாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுதி வையுங்கள். மண்பிடிக் குழியில் எவ்வளவு சேர்ந்தது?

தாங்கல்கரை | வியாழன் மதியம்

மூங்கிலை விட்டுப் பார்த்தேன் ஐயா, ஒரு சாண். மேலே ஒரே பிளாஸ்டிக், பையன்கள் வலை போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். டீச்சர், இரண்டு பாட்டிலும் ஜன்னலில் இருக்கின்றன. சனிக்கிழமை படம் போடுகிறேன்.